பழைய ஷவர் கர்ட்டன் மூன்று இருக்கு, எதை எதற்குப் பயன்படுத்தலாம்?

நூல்கண்டு

மூன்று பழைய ஷவர் கர்ட்டன் சேர்ந்துவிட்டது. மூன்றும் 180-க்கு 180 செ.மீ., மேலே வரிசையாக 12 துளை. ஒன்று கண்ணாடி மாதிரி தெரியும் தடித்த பிளாஸ்டிக். இரண்டாவது பால்வெள்ளை நிறம், தொட்டால் மெத்தென்று இருக்கும். மூன்றாவது பாலியெஸ்டர் துணி. அடியில் ஒரு முழ அளவுக்குக் கறுப்புப் புள்ளியும் சோப்புப் படிவும். மேலே முக்கால்வாசி நன்றாகவே இருக்கிறது.

இணையத்தில் தேடினால் ஐம்பது யோசனை கிடைக்கிறது. செய்து பார்த்தவர்கள் எழுதியதா என்பதுதான் சந்தேகம். எது நிஜமாகவே உழைக்கும், எதில் கை வைக்கக்கூடாது, பிளாஸ்டிக்கைச் சாதாரண வீட்டுத் தையல் மெஷினில் தைக்க முடியுமா என்று சொல்லுங்கள்.

ஈரச்சாக்கு

முதலில் எது என்ன பிளாஸ்டிக் என்று பிரியுங்கள். மற்ற முடிவெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

பிளாஸ்டிக் கர்ட்டன்கள் பெரும்பாலும் இரண்டு வகை: பி.வி.சி., பெவா (PEVA, பாலித்தீன் குடும்பத்து பிளாஸ்டிக்). விரல் நகம் அளவுக்கு ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்ட தண்ணீரில் போட்டு, விரலால் அழுத்தி முக்கிவிட்டு விடுங்கள். மேலே ஏறி வந்தால் பெவா, அடியிலேயே தங்கினால் பி.வி.சி. சோப்பு விடாமல் செய்தால் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு பி.வி.சி.யும் மிதக்கும், ஏமாந்துவிடுவீர்கள்.

பி.வி.சி. இயல்பாகவே விறைப்பான பொருள். வளைவதற்காக அதில் எண்ணெய் போன்ற ஒரு மென்மையாக்கியைக் கலக்கிறார்கள். அது உள்ளேயே தங்காது, மெதுவாகக் கசியும். இதனால் மூன்று விஷயம்:

உணவு பக்கம் கொண்டுபோகாதீர்கள். முக்கியமாக எண்ணெய்ப் பதார்த்தம் அந்த மென்மையாக்கியைச் சுலபமாக இழுத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜ் தட்டு விரிப்பு, மாவு தேய்க்கும் விரிப்பு என்று வரும் யோசனைகளை அப்படியே தள்ளுங்கள்.

வார்னிஷ் அடித்த மரத்தின் மேல் விரித்துப் பல மாதம் விட்டால் வார்னிஷ் இளகி, ஷீட் அதோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் பளபளப்பு கூடவே வரும். புகைப்பட ஆல்பம், தோல் பை எதையும் அதில் சுற்றி வைக்க வேண்டாம்.

மூன்றாவது, வயது. மென்மையாக்கி போகப் போக ஷீட் விறைக்கும். ஒரு மூலையை மடித்து நகத்தால் அழுத்துங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு நின்றாலோ 'பட்'டென்று சத்தம் வந்தாலோ அதைத் தைக்காதீர்கள், மடிக்கவும் செய்யாதீர்கள். தட்டையாக விரிக்கிற வேலைக்கு மட்டும்தான் அது.

பெவாவில் இந்தத் தொல்லைகள் குறைவு. ஆனாலும் உணவு தொடும் இடத்துக்கு அதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன், குளியலறைக்கென்று செய்த ஷீட் அது.

வெள்ளைவாளி

கழுவுவது பற்றி யாரும் சொல்லுமுன் ஒன்று: பிளாஸ்டிக் கர்ட்டனை வாஷிங் மெஷினில் போட்டு ஸ்பின் ஓட்டாதீர்கள். தண்ணீர் புகாத ஷீட் டிரம்முக்குள் பை மாதிரி குவிந்து தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேகம் ஏறும்போது அந்தத் தண்ணீர் ஒரே பக்கமாகச் சாயும், டிரம் சமன் தப்பி மெஷினே குதிக்கும். துணி கர்ட்டனிலும் தண்ணீர் ஒட்டாத பூச்சு இருந்தால் இதே ஆபத்துதான். பிழியாமல் கொடியில் போடுங்கள், அரை மணியில் வடிந்துவிடும்.

கை வேலைதான் சுலபம். அடி மடிப்பைத் தடவிப் பாருங்கள், பல கர்ட்டன்களில் காந்தமோ உலோகக் குண்டோ இருக்கும். 2 செ.மீ. தையலைப் பிரித்துத் தள்ளி எடுத்துவிடுங்கள். ஊறவைத்தால் துரு பிடித்து ஆரஞ்சுக் கறை விழும். எடுத்த காந்தங்களைச் சின்னக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் குடலுக்கே ஆபத்து.

வாளியில் 10 லிட்டர் வெதுவெதுப்பான நீர், 250 மி.லி. வெள்ளை வினிகர், ஒரு மணி நேரம் ஊறல். அந்த வெள்ளைப் படிவு வெறும் சோப்பு அல்ல. கடினநீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து உண்டான படிவு, அதனால்தான் மறுபடி சோப்பு போட்டுத் தேய்த்தால் போகாது, புளிப்புக்கு இளகும். பிறகு மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து அலசவும். கொதிநீர் வேண்டாம், ஷீட் இழுபட்டுக் கோணிப்போகும்.

கறுப்புப் புள்ளி பூஞ்சை. அதற்கு ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர், பத்து நிமிடம், கையுறை, திறந்த ஜன்னல். வினிகரை முழுக்க அலசிய பிறகுதான் ப்ளீச். இரண்டும் சந்தித்தால் குளோரின் வாயு கிளம்பும். பூஞ்சை செத்தாலும் சில சமயம் நிறம் போகாது, பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். உங்கள் விஷயத்தில் போராடவே வேண்டாம், அடியில் 40 செ.மீ. வெட்டித் தள்ளிவிட்டு மீதி 140-ஐ மட்டும் கழுவுங்கள்.

நூல்கண்டு

மிதக்கவிட்டுப் பார்த்தாயிற்று. கண்ணாடி மாதிரி இருந்தது மூழ்கியது, மடித்தால் வெள்ளைக் கோடும் விழுகிறது. பால்வெள்ளை மிதந்தது. இனி ஒவ்வொன்றுக்கும் வேலை சொல்லுங்கள்.

கத்தரிமுனை

மிதந்ததுதான் உங்கள் சரக்கு. அதிலிருந்து ஆரம்பிப்போம்.

மேல் ஓரத்தை வெட்டி எறியாதீர்கள், கர்ட்டனிலேயே மதிப்புள்ள பகுதி அதுதான். இரட்டை மடிப்பு, ஏற்கெனவே போட்ட துளைகள். அதை வைத்து மூன்று சுருக்குப்பை வரும். மேலிருந்து 42 செ.மீ. உயரத்துக்கு ஒரே பட்டையாக வெட்டுங்கள். நான்காவது துளைக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே ஒரு வெட்டு, எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவே ஒரு வெட்டு. மூன்று துண்டு, ஒவ்வொன்றிலும் 4 துளை. ஓரத்துத் துளைகள் விளிம்பை ஒட்டி இருப்பதால் நடுத்துண்டு சில செ.மீ. அகலமாக வரும், அது பிழையல்ல.

துண்டை நடுவில் மடித்து அடியையும் பக்கத்தையும் 1 செ.மீ. விட்டுத் தைக்கவும். நாடாவை வெளியிலிருந்து முதல் துளையில் உள்ளே விட்டு, இரண்டாவதில் வெளியே, மூன்றாவதில் உள்ளே, நான்காவதில் வெளியே எடுங்கள். இரண்டு நுனியும் வெளிப்பக்கம் நிற்கும், இழுத்தால் வாய் சுருங்கும். துளை எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு நுனி பைக்குள் போய் மாட்டிக்கொள்ளும், இரட்டைப்படை அவசியம் என்பது அதனால்தான். நாடா ஒரு மீட்டர் போதும்.

ஈரத்துணி, நீச்சலுடை, செருப்பு வைக்கலாம். இரவு முழுக்க ஈரத்தை மூடி வைத்தால் நாறும், அடி மூலையில் அரை செ.மீ. கத்தரித்து ஒரு வடிகால் விட்டால் கொஞ்சம் தாங்கும்.

கத்தரிமுனை

தையல் பற்றிக் கேட்டிருந்தீர்கள், விட்டுப்போச்சு.

குண்டூசி குத்தாதீர்கள். துணியில் ஓட்டை மூடிக்கொள்ளும், பிளாஸ்டிக்கில் அப்படியே நிற்கும். துணி கிளிப்போ பேப்பர் கிளிப்போ போடுங்கள். ஊசி புதிது, 14-ஆம் நம்பர். தையல் நீளத்தை 4 மி.மீ.க்குக் கூட்டுங்கள். சட்டைக்கு வைக்கிற 2 மி.மீ.யில் ஓட்டினால் அஞ்சல்தலை ஓரம் மாதிரி துளைவரிசை விழும், பையில் கனம் வைத்த முதல் நாளே அந்தக் கோட்டில் கிழியும். அதே காரணத்துக்காக ஆரம்பத்திலும் முடிவிலும் பின்தையல் போடவேண்டாம், நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சுப் போடுங்கள். நூல் பாலியெஸ்டர். பருத்தி நூல் ஈரத்தில் மக்கும்.

மெஷினின் பாதம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு நகராது. அப்போது தையல் ஒரே இடத்தில் குவியும். மேலேயும் கீழேயும் பட்டர் பேப்பரைப் பட்டையாக வெட்டி வைத்து அதோடு சேர்த்துத் தைத்துவிட்டு, பிறகு கிழித்து எடுங்கள். தையல் விட்டு விட்டு விழுந்தால், ஊசி மேலே வரும்போது ஷீட்டும் கூடவே எழும்புகிறது என்று பொருள், நூல் வளையம் உருவாகவே இடமில்லை. ஊசியை மாற்றுங்கள், வேகத்தைக் குறையுங்கள், இரண்டு பக்கமும் விரலால் ஷீட்டைத் தட்டையாகப் பிடியுங்கள். பின்னாலிருந்து இழுக்காதீர்கள், ஊசி வளையும்.

இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்திலேயே கொண்டுவரவேண்டாம். மடிப்பு நிற்க வேண்டுமா, ஒரு கனமான புத்தகத்தை இரவு ஏற்றி வையுங்கள்.

தொட்டிமண்

மேலே 42 போய், அடியில் 40 போய், உங்களிடம் 180-க்கு 98 மிச்சம். அதில் ஒரு 90-க்கு 90 சதுரம் எடுத்தால் தொட்டி மாற்றுகிற விரிப்பு ஆயிற்று. நான்கு மூலையிலும் பக்கத்து ஓரங்களை ஒன்றோடொன்று சேர்த்து 8 செ.மீ. அளவுக்குக் கிள்ளி, துணி கிளிப் மாட்டுங்கள். ஓரம் நாலு விரற்கிடை எழுந்து ஒரு தாம்பாளம் மாதிரி நிற்கும். செடியை அதில் கவிழ்த்து வேரைப் பிரித்து மண்ணை மாற்றுங்கள். முடிந்ததும் ஒரு மூலைக் கிளிப்பை மட்டும் கழற்றித் தூக்கினால் அந்த மூலை புனல்வாய் ஆகும், மிச்ச மண் மொத்தமும் தொட்டிக்குள் இறங்கும். தரையில் ஒரு பிடி சிந்தாது. தைக்காமலே செய்யலாம், கிளிப் கழற்றினால் தட்டையாக மடித்து வைக்கலாம்.

மிச்சம் இருக்கும் இன்னொரு 90, சிங்க் அடி அலமாரிக்கு. மரத்தட்டின் அளவைப் பேப்பரில் வெட்டிப் பார்த்து, நான்கு பக்கமும் 5 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். கூடுதல் ஓரம் சுவரில் ஏறி நிற்கவேண்டும். முன்பக்கத்தையும் 2 செ.மீ. தூக்கி விடுங்கள். குழாய் இணைப்பு சொட்டினால் தண்ணீர் மரத்துக்குள் இறங்காமல் குட்டையாக நிற்கும், கதவைத் திறந்ததும் தெரியும். பலர் முன் ஓரத்தைத் தட்டையாக விட்டுவிடுவார்கள், தண்ணீர் சத்தமில்லாமல் ஷீட்டுக்கு அடியில் போய் மரத்தை உப்ப வைக்கும்.

செடிகளுக்கு மேலே கூடாரமாகப் போடலாம், பசுமைக்குடில் மாதிரி என்று எழுதுவார்கள். மிகக் குளிரான இரவுக்கு மட்டும் சரி. வெயில் ஏறியும் எடுக்காவிட்டால் உள்ளே வெந்துபோகும். வெளியில் நிரந்தரமாக விட்டால் வெயில் பட்டு ஷீட் நொறுங்கி மண்ணில் துகளாகக் கலக்கும். களை வராமல் மண்ணுக்கடியில் புதைப்பதும் அதே கதைதான்.

ஈரச்சாக்கு

விறைத்த பி.வி.சி.க்கு வருகிறேன். பெயிண்ட் அடிக்கும்போது தரை விரிப்பு, அவ்வளவுதான் அதன் ஆயுள். அதிலும் இரண்டு எச்சரிக்கை. பிளாஸ்டிக் எதையும் உறிஞ்சாது, சொட்டிய பெயிண்ட் ஈரமாகவே கிடந்து செருப்படியில் ஒட்டி வீடு முழுக்கப் போகும். மேலே ஒரு பழைய போர்வையை விரித்துவிட்டால் போர்வை உறிஞ்சும், அடியில் ஷீட் தரையைக் காக்கும், வழுக்கவும் செய்யாது. ஏணியின் கால் மட்டும் ஷீட் மேல் நிற்கக்கூடாது, அந்த இடத்தில் மடித்து ஒதுக்கிவிட்டு வெறுந்தரையில் ஊன்றுங்கள். இரண்டாவது, தண்ணீரில் கரையும் பெயிண்டுக்கு மட்டும் இது. தின்னர் சிந்தினால் பி.வி.சி. இளகித் தரையில் பசையாகிவிடும்.

பெவா கர்ட்டன் இன்னொன்று முழுதாகக் கிடைத்தால் மெத்தைக் காப்புக்கும் ஆகும். 100-க்கு 180 துண்டு, 90 செ.மீ. அகலக் கட்டிலில் குறுக்காகப் போட்டால் இரு பக்கமும் 45 செ.மீ. தொங்கும், மெத்தைக்கு அடியில் செருகினால் நகராது. மேலே பருத்தி விரிப்பு இரண்டு வேண்டும், இல்லையென்றால் முதுகு வியர்க்கும், புரளும்போது சலசலக்கும். கைக்குழந்தை படுக்கையில் மட்டும் எந்தத் தளர்ந்த பிளாஸ்டிக்கும் வேண்டவே வேண்டாம், மூச்சுத் திணறும்.

வெள்ளைவாளி

துணி கர்ட்டனை மறந்துவிட்டீர்களே! காற்று புகும் என்பதால் அழுக்குத்துணிப் பைக்கு அதுதான் சரியானது, கத்தரிமுனை சொன்ன அதே சுருக்குப்பை, அளவு மட்டும் பெரிது. 6 துளை விட்டு 80 செ.மீ. உயரம் வெட்டினால் இரண்டு பை. கோட்டு, புடவை எல்லாம் தொங்கும் இடத்தில் தூசி மறைப்பாகவும் போடலாம். பிளாஸ்டிக்கை அதற்குப் போடாதீர்கள், உள்ளே ஈரம் நின்று துணியில் பூஞ்சை வரும்.

வளையக் கொக்கிகள் 12-ஐயும் அலமாரிக் கம்பியில் மாட்டினால் பெல்ட், துப்பட்டா, கைப்பை தொங்கும். உலோகம் என்றால் துரு இருக்கிறதா பாருங்கள், வெளிர்துணியில் கறை ஏறும்.

நூல்கண்டு

சிங்க் விரிப்பின் மூலைகளைத் தைக்காமல் பசையால் ஒட்டலாமா? இரட்டைப்பக்க டேப் இருக்கிறது.

கத்தரிமுனை

பெவாவில் பசை பிடிக்காது. இன்று ஒட்டியது போலத் தெரியும், ஒரு வாரத்தில் முழுப் பட்டையாக உரிந்து வரும். பாலித்தீன் குடும்பத்துக்கே அந்தக் குணம். மூலையில் எதையும் வெட்டாதீர்கள், அன்பளிப்புப் பெட்டிக்குக் காகிதம் மடிக்கிற மாதிரி உள்பக்கமாக மடித்து, மேல் விளிம்பில் மட்டும் கையால் இரண்டு தையல் போடுங்கள். தையல் துளை தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு மேலேயே இருக்கும்.

ஈரச்சாக்கு

வெட்டித் தள்ளிய அடிப்பகுதியையும், பெயிண்ட் வேலை முடிந்த பி.வி.சி.யையும் குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிடாதீர்கள். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், நெஞ்சைப் பிடிக்கும், டையாக்சின் என்ற நச்சும் உண்டாகும். மறுசுழற்சிக்குக் கொடுப்பதானால் தனியாகக் கட்டி, '3' என்று எழுதிக் கொடுங்கள். பி.வி.சி.க்கு உள்ள எண் அது. மற்ற பிளாஸ்டிக்கோடு கலந்து உருக்கினால் மொத்த உருக்கும் கெடும்.