ஸ்லோவில் நிற்காமல் ரேஸ் ஆகும் பழைய 125 டூ ஸ்ட்ரோக்: அடுத்து எந்த ஜெட்?

மண்பாதை125

எல்லோருக்கும் வணக்கம். பழைய 125 சிசி டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் ஒன்று வாங்கியிருக்கிறேன். சமீபம் வரைக்கும் ஓடிய வண்டி என்றுதான் சொல்லி விற்றார்கள், ஆனால் டேங்க் மூடியைத் திறந்ததும் பெயின்ட் கடை மாதிரி ஒரு வாடை வந்தது, கார்புரேட்டர் அடிக்கிண்ணத்தில் பச்சையாகப் பிசின் படிந்திருந்தது. கெய்ஹின் பிடபிள்யூகே 38 எம்எம் கார்புரேட்டர். கழற்றி ஸ்ப்ரே அடித்துத் துடைத்தேன், புது பிளக் போட்டேன், ஏர் ஃபில்டரைக் கழுவி ஆயில் தடவினேன், புது பெட்ரோலில் 32:1 அளவில் ஆயில் கலந்திருக்கிறேன்.

இப்போது நிலைமை இதுதான். சோக் இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை விட்டதும் ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அணைந்துவிடும். சூடான பிறகு நேர் எதிர்: ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால் ஆர்பிஎம் கீழே இறங்க மாட்டேன் என்கிறது, அந்தரத்தில் நின்று கத்திவிட்டு மெதுவாக இறங்குகிறது, சில நேரம் அப்படியே அணைந்தும் போகிறது. கால்வாசி ஆக்ஸிலேட்டரில் அடைத்துக்கொண்டு முக்கும், அதைத் தாண்டிவிட்டால் முழு ஆக்ஸிலேட்டரில் நன்றாகவே இழுக்கிறது. பிளக்கின் பீங்கான் பகுதி வெள்ளையாக இருப்பதால் மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஓட்டையுள்ள குட்டித் திருகு) ஒரு நம்பர் பெரிதாக்கிப் பார்த்தேன், எந்த வித்தியாசமும் இல்லை. அடுத்து எந்த நம்பருக்குப் போகலாம்?

பழைய_பிஸ்டன்

தம்பி, அடுத்த ஜெட் வாங்குவதை நிறுத்துங்கள். முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டுவதையும் இப்போதைக்கு நிறுத்துங்கள், அது இன்னும் முக்கியம். நீங்கள் சொல்வதெல்லாம் லீனாக, அதாவது காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும், ஓடும் இன்ஜினின் அடையாளம். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் ஆயில் போவதே பெட்ரோலோடுதான், பெட்ரோல் குறைந்தால் சூடும் ஏறும், ஆயிலும் குறையும். இதோடு நீளமாக ஒரு ஓட்டம் ஓட்டினால் சீஸ் ஆகிவிடும், பிஸ்டன் சிலிண்டரில் இறுகி நின்றுவிடும்.

மெயின் ஜெட்டை மாற்றி ஒன்றும் ஆகாததற்குக் காரணம் இருக்கிறது. மெயின் ஜெட் பேசுவது முக்கால்வாசி ஆக்ஸிலேட்டருக்கு மேலே. மூடிய நிலையிலிருந்து கால்வாசி வரைக்கும் பைலட் ஜெட் (ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடும் சிறிய ஜெட்), ஏர் ஸ்க்ரூ (அதற்குப் போகும் காற்றை அளக்கும் திருகு), ஸ்லைடின் (ஆக்ஸிலேட்டரோடு மேலேறும் அடைப்பு) வெட்டு, நடுவில் நீடில் (ஸ்லைடோடு ஏறும் ஊசி). உங்கள் தொல்லை முழுக்கக் கீழ்ப்பகுதியில் இருக்கிறது, மெயின் ஜெட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

முதலில் பைலட் ஜெட்டைத் தனியாகக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசி முனை அளவு ஓட்டை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பழைய பெட்ரோல் பிசின் முதலில் அடைப்பது அதைத்தான், மேலாக ஸ்ப்ரே அடித்தால் போகாது. கிளீனரில் ஊறவைத்து, மெல்லிய நைலான் இழையோ செம்புக் கம்பி இழையோ விட்டுக் காற்றடியுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், ஓட்டை பெரிதானால் அதில் எழுதியிருக்கும் நம்பருக்கே அர்த்தமில்லை. பாடிக்குள் இருக்கும் பைலட் வழியிலும் ஸ்ப்ரே விட்டு, ஸ்லைடுக்குக் கீழே இருக்கும் குட்டி ஓட்டை வழியாக வெளியே வருகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் ஏர் ஸ்க்ரூ. முழுதாக மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள். உள்ளே போனால் ரிச் (பெட்ரோல் அதிகம்), வெளியே வந்தால் லீன். எங்கே ஸ்லோ உயர்ந்து தெளிவாகக் கேட்கிறதோ அதுதான் இடம். ஒரு சுற்றுக்குள்ளேயே அந்த இடம் வந்தால் பைலட் ஜெட் சிறிது, இரண்டரையைத் தாண்டினால் பெரிது. எவ்வளவு திருப்பியும் இன்ஜின் சட்டையே செய்யவில்லை என்றால், ஒன்று பைலட் வழி இன்னும் அடைத்திருக்கிறது, இல்லாவிட்டால் வேறெங்கோ காற்று நுழைகிறது. ஆர்பிஎம் இறங்காமல் அந்தரத்தில் நிற்கிறது என்கிறீர்களே, எனக்கு அதில்தான் சந்தேகம். அடுத்த முறை நிற்கும்போது சோக்கை லேசாக இழுத்துப் பாருங்கள். ஆர்பிஎம் இறங்கினால் லீன் என்பது உறுதி.

இன்னொன்று, கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியிருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். ஸ்லைடின் வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்துத்தானே இருக்கிறது? திருப்பிப் போட்டாலும் ரேஸ் ஆகும்.

கிளட்ச்_பக்கம்

மேலே சொன்னது அத்தனையும் சரி, காற்று நுழையும் இடங்களை மட்டும் நான் சொல்கிறேன். கார்புரேட்டருக்கும் ரீட் வால்வுக்கும் (கலவையை உள்ளே மட்டும் விடும் இதழ் வால்வு) நடுவில் இருக்கும் ரப்பரை விரலால் வளைத்துப் பாருங்கள், பழைய வண்டிகளில் மடிப்புக்குள் மயிரிழை மாதிரி விரிசல் ஒளிந்திருக்கும், நேராக வைத்தால் கண்ணுக்கே தெரியாது. ரீட் வால்வைக் கழற்றி, இதழ்கள் ஓரத்தில் பிய்ந்திருக்கிறதா, மூடியிருக்கும்போது வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். சிலிண்டர் அடி கேஸ்கெட்டும் கசியலாம்.

கடைசியாக, கிராங்க் தண்டின் இரு முனையிலும் காற்று புகாமல் அடைக்கும் இரண்டு கிராங்க் சீல். மேக்னட் (மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பக்க சீல் போனால் வெளிக்காற்றை இழுத்து லீனாகும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து எரிக்கும், வெள்ளைப் புகை நிற்காமல் வரும், பிளக் ஈரமாகும், கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும். உங்கள் பிளக் காய்ந்து வெள்ளையாக இருப்பதால் மேக்னட் பக்கம்தான் என் முதல் சந்தேகம்.

இன்ஜின் ஓடும்போது கார்ப் கிளீனர் அடித்துச் சத்தம் மாறுகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. பக்கத்தில் எக்ஸாஸ்ட் பைப் கொதித்துக்கொண்டிருக்கும், அது எனக்குப் பிடிக்காது. பிரஷர் டெஸ்ட்தான் நல்லது. எக்ஸாஸ்ட் வாயையும் இன்டேக் ரப்பரையும் ரப்பர் அடைப்பானால் மூடி, 6 பிஎஸ்ஐ வரை மட்டும் கைப்பம்பால் காற்றேற்றுங்கள், அதற்கு மேல் போனால் நல்ல சீலும் பெயர்ந்துவிடும். முள் நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. சோப்புத் தண்ணீர் தடவினால் இடம் தெரியும். ரேடியேட்டர் மூடியையும் திறந்து வையுங்கள், தண்ணீரில் குமிழி வந்தால் ஹெட் பக்கம் கசிகிறது.

ஈரப்பதம்

எனக்கு இடையில் ஒரு சந்தேகம். 32:1 என்பது ஆயில் அதிகம் இல்லையா? 50:1 ஆக்கினால் பெட்ரோல் கூடுதலாகப் போய் லீன் சரியாகுமே?

பழைய_பிஸ்டன்

கணக்கு சரிதான். ஒரே ஜெட் வழியாக ஆயில் குறைந்த கலவை போனால் பெட்ரோல் கொஞ்சம் கூடும். 32:1 என்றால் லிட்டருக்கு சுமார் 31 மில்லி ஆயில், 50:1 என்றால் 20 மில்லி. ஆனால் அந்த 11 மில்லியில் கிடைக்கும் மாற்றம் மிகச் சிறிது, இழப்பதோ பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் போக வேண்டிய ஆயில். ஏற்கனவே லீனாகச் சூடேறும் இன்ஜினில் போய் ஆயிலைக் குறைக்கவே கூடாது. கம்பெனி புத்தகம் சொல்லும் அளவில் கலந்து அதையே தொடருங்கள். கலவையை அடிக்கடி மாற்றினால் ஜெட் கணக்கும் கூடவே மாறிக்கொண்டிருக்கும்.

மண்பாதை125

எல்லோருக்கும் மிகவும் நன்றி, சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். ஸ்லைடு சரியாகத்தான் இருந்தது. பைலட் ஜெட்டில் பாதி ஓட்டைதான் தெரிந்தது, ஊறவைத்துச் சுத்தம் செய்ததும் முழு வட்டம் வந்துவிட்டது. சோக் இல்லாமல் குளிரில் ஓரளவு நிற்கிறது இப்போது. ஆனால் சூடானதும் ரேஸ் ஆவது போகவில்லை, ஏர் ஸ்க்ரூவைத் திருப்பினாலும் அசையவில்லை, சோக்கைத் தொட்டதும் ஆர்பிஎம் இறங்கியது.

இன்டேக் ரப்பரும் ரீட் இதழ்களும் நன்றாக இருக்கின்றன. பிரஷர் டெஸ்டில் முள் கண் முன்னாலேயே சரசரவென்று இறங்கியது. மேக்னட்டைக் கழற்றி, சீல் மேல் சோப்புத் தண்ணீர் தடவினால் கிராங்க் தண்டைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் பொடிக் குமிழிகள் விடாமல் வருகின்றன. இன்ஜின் கேஸை இரண்டாகப் பிரிக்காமல் இந்த சீலை மாற்ற முடியுமா? பிஸ்டனுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே கவலையாக இருக்கிறது.

கிளட்ச்_பக்கம்

பிடித்துவிட்டீர்கள், அருமை! பல 125களில் மேக்னட் பக்க சீலை வெளியிலிருந்தே மாற்றலாம். சிலவற்றில் கேஸ் விளிம்பு சீலைப் பிடித்திருக்கும், அவற்றைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். உங்கள் மாடலின் பார்ட்ஸ் படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சீலை எடுக்கும் முன் கிராங்க் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கைக்குத் தெரிந்தால் மெயின் பேரிங் போய்விட்டது, அந்த நிலையில் புது சீலும் சீக்கிரம் கிழியும், கேஸைப் பிரிப்பதே நல்லது. ஆட்டம் இல்லையென்றால் ஸ்டேட்டர் தட்டு (மேக்னட்டுக்குள் இருக்கும் காயில் தட்டு) இருந்த இடத்தைக் கோடு போட்டுக் குறித்துவிட்டுக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் பிளக் பொறி விடும் டைமிங் மாறிவிடும். சீலை நெம்பும்போது தண்டில் ஒரு கீறல்கூட விழக்கூடாது. புது சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் தெரியும் பக்கம் கிராங்க்கேஸைப் பார்க்கும்படி வைத்து, சுற்றிலும் சமமாக அழுத்தி இறக்குங்கள். அடுத்த பக்க சீலையும் கையோடு மாற்றிவிடுங்கள், இரண்டுக்கும் வயது ஒன்றுதான்.

பழைய_பிஸ்டன்

பிஸ்டனைப் பார்க்க சிலிண்டரைக் கழற்ற வேண்டியதில்லை. எக்ஸாஸ்ட் பைப்பை எடுத்துவிட்டு டார்ச் அடித்து, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்துங்கள். பக்கவாட்டில் கடைசல் வேலையின் மெல்லிய கிடைக்கோடுகள் தெரிந்தால் நிம்மதியாக இருக்கலாம். நெட்டுக்குத்தாகக் கீறல்களோ, அலுமினியம் இழுபட்ட மாதிரி திட்டுகளோ இருந்தால் சிலிண்டரைத் தூக்கித்தான் ஆக வேண்டும், ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

சீல் போட்டதும் மறுபடி பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். முள் நின்றால், மெயின் ஜெட், பைலட், நீடில் கிளிப் எல்லாவற்றையும் கம்பெனி அளவுக்கே திருப்பிவிட்டு அங்கிருந்து ஆரம்பியுங்கள். முன்பு வைத்திருந்தவர் கசிவை மறைக்க ஜெட்டைப் பெரிதாக்கியிருந்தால், கசிவு நின்றதும் வண்டி ரிச்சாகிப் புகையடித்துத் தடுமாறும். சீல் சரியாக உட்காரவில்லையோ என்று அப்போது பயப்பட வேண்டாம். பார்ட்ஸ் படத்தில் சீல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.