பள்ளிகளை ஒப்பிடும்போது பிழைப்பட்டை தலைகீழாக வருகிறது: மல்டிலெவல் மாடல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தரவுத்தேனீ (கேள்வி)

ஆர் மென்பொருளின் எம்எல்எம்ரெவ் தொகுப்பில் இருக்கும் ‘எக்ஸாம்’ தரவை வைத்து மல்டிலெவல் மாடல் (பள்ளிக்குள் மாணவர் என்று அடுக்கடுக்காக இருக்கும் தரவுக்கான மாடல்) பழகுகிறேன். உள் லண்டனின் 65 பள்ளிகள், 4059 மாணவர்கள். 16 வயதுத் தேர்வு மதிப்பெண் விளைவு மாறி, 11 வயதில் எழுதிய வாசிப்புத் தேர்வு விளக்க மாறி. இரண்டுமே தரப்படுத்தப்பட்டவை (சராசரி 0, திட்டவிலக்கம் 1). கிடைத்த மதிப்புகள்: சாய்வு 0.563, பள்ளி வேரியன்ஸ் (பள்ளிகளுக்கிடையிலான பரவலின் அளவு) 0.092, மாணவர் வேரியன்ஸ் (ஒரே பள்ளி மாணவர்களுக்கிடையிலான பரவல்) 0.566.

அடுத்து ஒவ்வொரு பள்ளியின் ரெசிடுவலையும் (மாடல் எதிர்பார்ப்பதிலிருந்து அந்தப் பள்ளி விலகும் அளவு) அதன் திட்டப்பிழையையும் சூத்திரம் போட்டுக் கணக்கிட்டேன். இங்கேதான் குழப்பம். 2 மாணவர் மட்டுமே உள்ள பள்ளிக்குத் திட்டப்பிழை 0.15 வருகிறது, 198 மாணவர் உள்ள பள்ளிக்கு 0.30 வருகிறது. மாணவர் கூடக் கூடப் பிழை குறையத்தானே வேண்டும்?

திட்டப்பிழையை வைத்து வரையும் பிழைப்பட்டையைச் சரிசெய்த பிறகு 65 பள்ளிகளையும் 1 முதல் 65 வரை வரிசைப்படுத்தலாமா? இன்னொரு கேள்வியும் உண்டு. முதுகலை சமூகவியலில் முடித்துவிட்டு ஆய்வு முறையியல் பக்கம் வர நினைக்கிறேன். இந்தத் துறையில் நிலைக்க எதில் தொடங்க வேண்டும்?

சராசரிக்கு_அப்பால்

சூத்திரத்தில் பிழையில்லை, எடுத்த சூத்திரம்தான் வேறு. ஒரு ரெசிடுவலுக்கு இரண்டு வகைத் திட்டப்பிழை உண்டு. நீங்கள் போட்டது ரெசிடுவலைச் சோதிக்கப் பயன்படுவது. பள்ளிகளை ஒப்பிட இன்னொன்று வேண்டும்.

முதலில் சுருக்கக் காரணியைப் பாருங்கள். பள்ளி வேரியன்ஸை மாணவர் எண்ணிக்கையால் பெருக்குங்கள். வரும் எண்ணோடு மாணவர் வேரியன்ஸைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் முதல் எண்ணை வகுங்கள். 2 பேர் உள்ள பள்ளிக்கு 0.184 வகுத்தல் 0.750, அதாவது 0.245. 198 பேர் உள்ள பள்ளிக்கு 18.216 வகுத்தல் 18.782, அதாவது 0.970. பள்ளியின் நேரடிச் சராசரி விலகலை இந்தக் காரணியால் பெருக்கினால்தான் மாடல் தரும் ரெசிடுவல் கிடைக்கும். ஆகவே சிறிய பள்ளியின் விலகலில் நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது, பெரிய பள்ளிக்கு ஏறக்குறைய முழுசாக நிற்கிறது.

பள்ளி வேரியன்ஸைக் காரணியால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 0.15, 0.30 என்று வரும். உங்களுக்கு வந்தது இதுதான். ‘இந்த ரெசிடுவல் சுழியைச் சுற்றி எவ்வளவு பரவும்’ என்பதை அது அளக்கிறது. சிறிய பள்ளியின் ரெசிடுவல் சுழிப் பக்கம் இழுத்துப் பிடிக்கப்படுவதால் அதன் பரவல் குறைவு. விலகிய புள்ளிகளைக் கண்டுபிடிக்கவும் நார்மல் வரைபடம் போடவும் இது சரியான அளவு.

‘உண்மையான பள்ளி விளைவிலிருந்து என் மதிப்பீடு எவ்வளவு தள்ளி இருக்கக்கூடும்’ என்பது வேறு கேள்வி. அதற்குக் காரணியை 1-லிருந்து கழித்து, பள்ளி வேரியன்ஸால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். 2 பேருக்கு 0.26, 198 பேருக்கு 0.05. நீங்கள் எதிர்பார்த்த திசை இதுதான். ஆரில் எல்எம்இ4 தொகுப்பின் ‘ரேன்எஃப்’ கட்டளையில் நிபந்தனை வேரியன்ஸைக் கேட்டால் இதையே தரும், கையால் போட வேண்டியதில்லை.

பட்டை வரையும்போது திட்டப்பிழையை 1.96-ஆல் (95 சதவீதப் பட்டைக்கு வழக்கமாகப் போடும் எண்) பெருக்காதீர்கள். இரண்டு பள்ளிகளை ஒப்பிடுவதற்கு ±1.96 பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றனவா என்று பார்ப்பது அளவுக்கு மீறிய கண்டிப்பு. இரண்டின் திட்டப்பிழையும் ஏறக்குறைய ஒன்று என்றால், வித்தியாசத்தின் திட்டப்பிழை அதைப்போல் 1.414 மடங்கு. 1.96-ஐ 1.414-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 1.39 வரும். புள்ளியியலாளர்கள் கோல்ட்ஸ்டீனும் ஹீலியும் 1995-இல் சொன்ன வழி இது: பட்டையை ±1.4 திட்டப்பிழைக்கு வரையுங்கள். பட்டைகள் தொடாமல் இருந்தால் அந்த ஜோடியின் வித்தியாசம் சுமார் 5 சதவீத அளவில் தேறும். ஒரே ஒரு ஜோடிக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும். 65 பள்ளிகளில் 2080 ஜோடிகள் இருக்கின்றன, அத்தனையையும் ஒரே படத்தில் தேடிப் பார்த்துவிட்டு 5 சதவீதம் என்று சொல்லக்கூடாது.

நுழைவுநிலை

மேலே சொன்னது சரி. ஆனால் வரிசைப்படுத்தலைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். பட்டை அகலம் மட்டும் காரணமில்லை.

இதே தரவில் சாய்வையும் பள்ளிக்குப் பள்ளி மாற விட்டுப் பாருங்கள். இடைவெட்டு (நுழைவு மதிப்பெண் 0 உள்ள மாணவருக்கான பள்ளி விளைவு) வேரியன்ஸ் 0.090, சாய்வு வேரியன்ஸ் 0.015, இரண்டுக்கும் உள்ள கோவேரியன்ஸ் (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு) 0.018 என்று வரும். நுழைவு மதிப்பெண் (11 வயது வாசிப்புத் தேர்வு) −1 உள்ள மாணவருக்குப் பள்ளிகளுக்கிடையிலான வேரியன்ஸ் 0.090 − 0.036 + 0.015, அதாவது 0.069. +1 உள்ளவருக்கு 0.141. +2-க்கு 0.222. நன்றாகப் படித்து உள்ளே வரும் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்பது பெரிய வித்தியாசம் செய்கிறது, பின்தங்கி வரும் பிள்ளைக்குக் குறைவாகவே செய்கிறது. பள்ளிகளின் வரிசையும் நுழைவு மதிப்பெண்ணுக்கு ஏற்ப மாறும். அப்படியிருக்க எந்த மாணவருக்கான 1 முதல் 65?

இன்னொன்று, நுழைவுத் தேர்விலேயே அளவீட்டுப் பிழை உண்டு. நம்பகத்தன்மை (மதிப்பெண் பரவலில் அளவீட்டுப் பிழை போக மிஞ்சும் உண்மையான பங்கு) 0.8 என்று வைத்துக்கொண்டால், 0.563 என்ற சாய்வு உண்மையில் 0.70 பக்கம் இருக்கும். சராசரி நுழைவு +0.5 உள்ள பள்ளிக்கு, சரிசெய்யப்படாமல் 0.07 அளவு சாதகம் ரெசிடுவலில் ஒட்டிக்கொள்ளும். பள்ளி விளைவின் திட்டவிலக்கம் 0.30, எனவே இது கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. அதைப் பள்ளியின் திறமை என்று எழுதினால் பிழை.

முறைவழி

தொழில் பற்றிய கேள்வியை யாரும் எடுக்கவில்லை. நீங்கள் வைத்திருக்கும் தரவோடு சேர்த்தே பதில் சொல்லலாம், ஏனென்றால் அதன் பின்னால் இருப்பது ஹார்வி கோல்ட்ஸ்டீனின் (1939–2020) வேலை.

அவர் மான்செஸ்டரில் கணிதம் படித்தவர். முதலில் குழந்தை வளர்ச்சி, பேறுகால ஆய்வு என்று வேலை செய்தார். கர்ப்ப காலப் புகைப்பழக்கமும் பிறப்பு எடையும் பற்றிய 1972 கட்டுரையில் அவரும் ஓர் ஆசிரியர். 1977-இல் லண்டன் கல்வியியல் நிறுவனத்தில் புள்ளியியல் முறைகள் பேராசிரியர், 2005-இல் பிரிஸ்டல். சூத்திரத்தைத் தேடி அவர் போகவில்லை, தரவில் இருந்த அடுக்குதான் அவரைச் சூத்திரத்துக்குக் கொண்டுபோனது. வகுப்புக்குள் இருக்கும் மாணவர்களைத் தனித்தனி ஆட்களாக எண்ணியதால் வந்த சிக்கல் அப்போது கண்முன் இருந்தது. முறைசார் கற்பித்தலே மேல் என்று 1976-இல் வெளியான ஓர் ஆய்வின் தரவை, வகுப்புக் குழுமத்தைக் கணக்கில் எடுத்து 1981-இல் மறுபடி அலசியபோது, வித்தியாசங்கள் புள்ளியியல் முக்கியத்துவத்தை இழந்தன.

1986-இல் அவர் கொடுத்த வழிமுறையை நீங்களே நிரலாக எழுதிப் பாருங்கள், தொடக்கம் அங்கேதான். சாதாரண ரிக்ரெஷன் ஓட்டி ரெசிடுவல் எடுங்கள். ஒரே பள்ளியின் இரண்டு மாணவர் ரெசிடுவல்களைப் பெருக்கினால் சராசரியாகப் பள்ளி வேரியன்ஸ் வரும். ஒரு மாணவரின் ரெசிடுவலை வர்க்கமாக்கினால் இரண்டு வேரியன்ஸும் சேர்ந்து வரும். வேறு வேறு பள்ளி மாணவர்கள் என்றால் சுழி. இந்தப் பெருக்கல்களையே விளைவு மாறியாக வைத்து இன்னொரு ரிக்ரெஷன் ஓட்டினால் வேரியன்ஸ்கள் கிடைக்கும். அவற்றை எடையாக வைத்து முதல் ரிக்ரெஷனைத் திரும்ப ஓட்டுங்கள். இரண்டாவது ரிக்ரெஷனுக்கும் அடுத்த சுற்றிலிருந்து அதே எடை வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். எண்கள் நிலைக்கும் வரை சுற்றுங்கள். 0.092, 0.566 வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். ஆர் இயல்பாக ரெமல் (கட்டுப்படுத்தப்பட்ட மேக்ஸிமம் லைக்லிஹுட்) மதிப்பீடு தரும், இந்த வழி அதிகபட்ச நிகழ்தகவு (மேக்ஸிமம் லைக்லிஹுட்) மதிப்பீட்டைத் தரும். 65 பள்ளிகளில் அந்த வித்தியாசம் கடைசி இலக்கத்தில்தான் தெரியும், 10 குழுக்கள் என்றால் நன்றாகவே தெரியும்.

இதற்கு மேட்ரிக்ஸ் கணிதமும் நிகழ்தகவுச் சார்புகளும் வேண்டும். சமூகவியலிலிருந்து வருகிறவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான், ஆறு மாதமாவது ஒதுக்குங்கள். மென்பொருளும் முறையியலாளரின் வேலைதான் என்பதை மறக்காதீர்கள். எம்எல்2, எம்எல்3, எம்எல்என், பிறகு எம்எல்வின் என்று அந்தக் குழு மென்பொருளை வளர்த்தது. இரண்டடுக்கு, மூன்றடுக்கு, எத்தனை அடுக்கானாலும் என்பதுதான் பெயரிலிருக்கும் எண்ணின் பொருள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பள்ளி விளைவை அளக்கும் கருவியைச் செய்தவரே, 1996-இல் புள்ளியியலாளர் டேவிட் ஸ்பீகல்ஹால்டரோடு சேர்ந்து பள்ளித் தரவரிசைப் பட்டியலின் எல்லைகளை எழுதினார். 2009-இல் ஜார்ஜ் லெக்கி என்ற ஆய்வாளரோடு எழுதியது இன்னும் நேரடியானது: இன்று பெற்றோர் பார்க்கும் முடிவு, பிள்ளை தேர்வு எழுதப்போகும் ஆண்டுக்குப் பல ஆண்டு முந்தையது. அந்த இடைவெளியின் நிச்சயமின்மையையும் சேர்த்தால், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துச் சொல்லக்கூடிய பள்ளிகள் மிகச் சிலவே. அரசுக்கும் பத்திரிகைக்கும் பிடிக்காததை எண்ணோடு சொல்லத் தெரிந்திருப்பது இந்த வேலையின் ஒரு பகுதி.

தரவுத்தேனீ

திட்டப்பிழையை மாற்றி ±1.4-இல் வரைந்தேன். 2 பேர் பள்ளியின் பட்டை இப்போது நீண்டுவிட்டது, நடுவிலுள்ள பள்ளிகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. வரிசை எண் போடவில்லை. சாய்வு மாறும் மாடலுக்குப் பட்டையை எப்படி வரைவது?

நுழைவுநிலை

ஒரே படமாகப் போடாதீர்கள். நுழைவு −1, 0, +1 என்று மூன்று படம். ஒவ்வொன்றிலும் இடைவெட்டு ரெசிடுவலோடு, சாய்வு ரெசிடுவலை நுழைவு மதிப்பால் பெருக்கிக் கூட்டுங்கள். வேரியன்ஸுக்கு இரண்டின் நிபந்தனைக் கோவேரியன்ஸும் வேண்டும், அதை இரண்டால் பெருக்கி நுழைவு மதிப்பாலும் பெருக்கிச் சேர்க்க வேண்டும். −1 படத்தில் அது கழியும். அதை விட்டுவிட்டால் பட்டை அகலம் தவறாகிவிடும்.