முறைப்பாட்டு விசாரணை நடக்கும்போது வந்த பழிவாங்கல் இடமாற்றம்: அதே முறைப்பாட்டில் சேர்க்கலாமா?

தருமபுரத்தாள்:
கிளிநொச்சியில் ஓர் அரச அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக வேலை செய்கிறேன். என் பெற்றோர் 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். பதில் கடமைக்கு (மேற்பதவியைத் தற்காலிகமாகப் பார்ப்பதற்கு) என் முறை வந்தபோது சேவையில் எனக்கு இளையவரை நியமித்தார்கள். "தோட்டக்காட்டாளுக்குக் கீழே யார் வேலை செய்வது" என்று மேலதிகாரி கேட்டதற்குச் சாட்சிகள் இருவர் உண்டு. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியாப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு செய்தேன். விசாரணை ஒரு தவணை நடந்தது. ஆணைக்குழுவின் கடிதம் அலுவலகத்துக்கு வந்த ஒன்பதாம் நாள் என்னைத் துணுக்காய்க்கு மாற்றினார்கள். தருமபுரத்திலிருந்து பரந்தனுக்கு வந்து, மாங்குளத்தில் இறங்கி, மல்லாவிப் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். இடமாற்றக் கடிதம் கிடைத்து இன்று 22 நாட்கள். இதைப் பழைய முறைப்பாட்டில் சேர்க்கலாமா, புதிதாக எழுத வேண்டுமா?

குளக்கட்டு (சட்டத்தரணி):
சேர்க்கலாம், ஆனால் சேர்த்துவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். இலங்கை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, அடிப்படை உரிமை மீறலுக்காக நாட்டின் அதியுயர் மன்றான உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அதில் கணக்கெடுக்கப்படாது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. இடமாற்றம் வேறொரு நாளில், வேறொரு கையெழுத்தில் நடந்த வேறொரு செயல் என்பதால், பழைய முறைப்பாடு அதற்குக் குடை பிடிக்கும் என்று நம்புவது ஆபத்து. பழைய இலக்கத்தைக் குறிப்பிட்டு, இரண்டையும் ஒன்றாக விசாரிக்குமாறு கேளுங்கள். அதே வேளை, தனியே வாசித்தாலும் விளங்கும் முழு முறைப்பாடாக அதை எழுதி, இடமாற்றத்தில் கையொப்பமிட்டவரையும் எதிர்மனுதாரராகக் காட்டுங்கள். பதில் கடமை மறுக்கப்பட்டது, சாதி, பிறப்பிடம் போன்ற காரணங்களால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரையின் கீழ் வரும். பழிவாங்கலை 12(1)இன் சமத்துவ மீறலாக எழுதலாம். கடிதம் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டு மட்டும் போதாது. விசாரணை உண்மையிலேயே நிலுவையில் உள்ளதற்குச் சான்று காட்டுமாறு நீதிமன்றம் கேட்ட வழக்குகள் உண்டு.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:
பிள்ளை, ஒன்று சொல்கிறேன். கோபத்தில் துணுக்காய்க்குப் போகாமல் இருந்துவிடாதே. பதவி வெறிதாக்கியதாக (வேலையைக் கைவிட்டதாக) கடிதம் அனுப்ப அவர்களுக்கு அதுவே போதும். எதிர்ப்பை எழுத்தில் கொடுத்துவிட்டுக் கடமையேற்றுக்கொள். மேன்முறையீட்டைத் தனியே அனுப்பு. ஆணைக்குழுவின் கடிதம் அலுவலகத்தில் எந்தத் திகதியில் பதியப்பட்டது, இடமாற்றக் குறிப்பு கோவையில் எந்தத் திகதியில் எழுதப்பட்டது என்ற இரண்டும்தான் உன் வழக்கின் உயிர். அவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேள். தீர்மானிக்க அவர்களுக்கே 14 வேலை நாட்கள் உண்டு. ஆகவே பதில் வரட்டும் என்று முறைப்பாட்டை வைத்திருக்காதே.

மல்லாவியான், ஸ்காபரோ:
இங்கே கனடாவின் ஒன்ராறியோவில் மனித உரிமைச் சட்டக்கோவையின் 8ஆம் பிரிவு பழிவாங்கலை நேரடியாகத் தடை செய்கிறது. விண்ணப்பிக்க ஓராண்டு உண்டு. முதற் பாகுபாடு நிரூபிக்கப்படாவிட்டாலும் பழிவாங்கல் தனித்து நிற்கும். ஆனால் பழிவாங்கும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். அங்கும் அப்படித்தானா?

குளக்கட்டு (சட்டத்தரணி):
இங்கே ஓராண்டு என்று எண்ணி இருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். தனித்து நிற்கும்படி எழுதச் சொன்னதன் காரணம் அதுதான்: பதில் கடமை விடயத்தில் ஏதாவது காரணம் காட்டி அவர்கள் தப்பினாலும், ஒன்பது நாள் இடைவெளிக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். "சேவையின் தேவை கருதி" என்பார்கள். அப்படியானால் உங்கள் இடத்துக்கு யார் வந்தார், துணுக்காயில் வெற்றிடம் இருந்ததா என்று கேளுங்கள். ஆணைக்குழு தருவது பரிந்துரை மட்டுமே. அலுவலகம் அதை ஏற்காவிட்டால் உயர் நீதிமன்றக் கதவு திறந்திருக்க வேண்டும்.

தருமபுரத்தாள்:
நாளைக்கு விடுப்பு எடுத்து வவுனியாவுக்குப் போகிறேன். சாட்சி இருவரில் ஒருவர் இப்போது பின்வாங்குகிறார். மற்றவர் சத்தியக்கடதாசி தருவதாகச் சொல்லியிருக்கிறார்.