"அட்டை இல்லாட்டி சோறு இல்லை": வளர்ந்த சூழல் பிள்ளைகளில் பதிந்ததை நீங்கள் கண்ட தருணம்

முன்பள்ளி ரீச்சர்

2010 கடைசி. இலங்கையின் வடக்கே, வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமம். 2009இல் போர் முடிந்தபோது சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் இருந்து அவர்கள் திரும்பி வந்து சில மாதங்கள்தான். தறப்பாள் கொட்டிலில் முன்பள்ளி, 19 பிள்ளைகள். அட்டையைக் காட்டிச் சாப்பாடு வாங்கின முகாம் நிவாரண வரிசை எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இடைவேளையில் பிள்ளைகள் மண்சோறு விளையாடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் எல்லோரும் விளையாடியதுதான். சிரட்டை, பூவரசம் இலை, ஒருத்தி அம்மா, ஒருத்தன் அப்பா, சண்டை, சமாதானம். இவர்கள் சமைக்கவே இல்லை. சிரட்டையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின்னால் ஒருவராக நின்றார்கள். முன்னால் நாலரை வயதுப் பெடியன் ஒருவன், கையில் ஒரு தடி. ஒவ்வொருவரும் நீட்டிய இலையை வாங்கி, தடியால் அதில் ஒரு கோடு இழுத்துவிட்டு, மண்ணை அள்ளிப் போட்டான். கடைசியில் நின்ற சின்னப் பிள்ளையிடம் இலை இல்லை. "அட்டை இல்லாட்டி சோறு இல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பகல் முழுக்க அதையே சொல்லிக் களைத்த பெரிய ஆளின் குரல். அந்தப் பிள்ளையும் அழவில்லை. சிரட்டையோடு ஓரமாகப் போய்க் குந்தியது.

முதல் நாள் "எந்த ஊர் அப்பு?" என்று கேட்டபோது "சோன் ரெண்டு" என்று சொன்னவனும் அவன்தான். முகாமின் இரண்டாம் பகுதிக்கு அதுதான் பெயர். மூன்று வயதில் உள்ளே போனவனுக்கு ஊர் என்றால் அதுதான். முத்தையன்கட்டுத் தண்ணீரில் நெல் விளையும் இடத்துப் பிள்ளைக்கு, சோறு வரிசையில் இருந்து வந்தது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது மனதில் நிற்கிறதா? எழுதுங்கள்.

மலையாளபுரத்தான்

எனக்கு வரிசை இல்லை, வாய்.

1977 கலவரத்தோடு தாத்தா மலையகத்தில் இருந்து ஒரு துணி மூட்டையோடு கிளிநொச்சிக்கு வந்தவர். காடு வெட்டிக் குடியேறிய கதை, காணி உறுதி இல்லாத கதை எல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் கிளிநொச்சியிலேயே பிறந்தவன். ஆனால் வீட்டுக்குள் மலையகப் பேச்சு: "ஆமா", "சாயங்காலம்", "பேசுறது". பாடசாலையில் "ஓம்", "பின்னேரம்", "கதைக்கிறது". ஆறாம் வகுப்பில் அம்மா ஒரு நாள் வந்து, "ஆமாங்க சேர், வெள்ளனவே கூட்டிப் போகட்டுங்களா?" என்று கேட்டார். சேர் ஒன்றும் சொல்லவில்லை. பின் வாங்கில் (பெஞ்சில்) இருந்த ஒருவன் அதை அப்படியே சொல்லிக் காட்டினான். அன்று இரவே நான் அம்மாவிடம், "அங்க வந்தா ஓம் என்று சொல்லுங்கோ, இல்லாட்டி ஒண்டும் சொல்லாதையுங்கோ" என்றேன்.

அம்மா இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அதற்குப் பிறகு பாடசாலைக்கு வந்தால் தலையை மட்டும் ஆட்டுவார். 2005இல் சாதாரண தரப் பெறுபேறு வந்த நாள். "அம்மா, உங்கட மகனுக்கு எட்டு ஏ" என்று சேர் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். அம்மாவின் உதடு திறந்தது. என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். கையில் இருந்த குடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என்னைத் திட்டி வளர்த்தவர் யாருமில்லை. அடித்தவரும் இல்லை. பின் வாங்குச் சிரிப்பு ஒன்றே போதுமாக இருந்தது.

மல்லாவி 97

ரீச்சர், குறை நினைக்காதீர்கள். வன்னிப் பிள்ளை என்றாலே ஏதோ உடைந்த பிள்ளை என்று எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெடியன் முகாமை விளையாடினான், சரி. ஆஸ்பத்திரி பார்த்த பிள்ளை ஊசி போட்டு விளையாடுவதில்லையா? கண்டதைத்தான் பிள்ளை விளையாடும்.

1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடி மல்லாவிக்கு வந்தோம். மரத்தடிப் பள்ளிக்கூடம். கரண்ட் என்ற பேச்சே இல்லை. வன்னிக்குப் போட்ட பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய், பஞ்சுத் திரி, அதைச் சுற்றி மூன்று வீட்டுப் பிள்ளைகள். ஒருவன் வாசிக்க மற்றவர்கள் கேட்போம், ஏனென்றால் வெளிச்சம் ஒரு புத்தகத்துக்குத்தான் போதும். மற்றவனுக்கும் விளங்க வாசிக்கவேண்டும் என்ற பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. இன்றைக்கு நான் கணக்குப் படிப்பிக்கிறேன் என்றால் அந்த விளக்கடிதான் காரணம்.

2002இல் ஏ9 வீதி (கண்டி–யாழ்ப்பாணம்) திறந்த பிறகு வவுனியாவில் மாமி வீட்டுக்குப் போனேன். ரியூப் லைட் பகல் மாதிரி எரிகிறது. படித்துக்கொண்டிருந்தேன். மாமி தேத்தண்ணியோடு வந்து நின்று, "என்ன தம்பி, கையால எதை மறைக்கிறாய்?" என்று கேட்டார். அப்போதுதான் பார்த்தேன். என் இடது கை புத்தகத்துக்குப் பக்கத்தில் வளைந்து நின்றது, காற்றில் திரி அணையாமல் பிடிக்கிற மாதிரி. அங்கே விளக்கு இல்லை. நான் கையை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அது தானாகத் திரும்பப் போய்விட்டது.

ஓய்வு அதிபர்

வவுனிக்குளம் பக்கத்தில் 31 வருடம் படிப்பித்தவன். என் அனுபவம் சின்னது. 2011இல் சேர்ந்த ஒரு பிள்ளை, பெயர் கேட்டால் முதலில் அட்டை இலக்கத்தைச் சொல்லும், பிறகுதான் பெயர். அவ்வளவுதான்.

ஆனால் மல்லாவித் தம்பிக்கு ஒன்று சொல்லவேண்டும். உங்களுக்கு விளக்கு இல்லை, ஆனால் விளக்கைச் சுற்றி மூன்று வீட்டார் இருந்தார்கள். 2009க்குப் பிறகு வந்த பிள்ளைகளில் பலருக்கு அந்த ஆட்களே இல்லை. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னியைப் பற்றி எழுதும்போது இதைத்தான் காட்டினார். காயம் தனித்தனி ஆட்களோடு நிற்கவில்லை, குடும்பம், அயல், ஊர் என்று பிள்ளையைத் தாங்குகிற எல்லாம் சேர்ந்தே அறுந்தது என்றார். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

அதற்காக எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. ருமேனிய அநாதை விடுதிகளில் பேச்சும் அணைப்பும் இல்லாமல் கிடந்து, 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குத் தத்துப்போன பிள்ளைகளை மைக்கேல் ரட்டர் குழுவினர் வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். ஆறு மாத வயதுக்கு முன் வெளியே வந்தவர்கள் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் இருந்தவர்களில் பலருக்குச் சிக்கல் நீண்டது, ஆனால் அவர்களிலும் நன்றாக எழுந்து வந்தவர்கள் உண்டு. நம்முடைய பிள்ளைகளில் பலருக்கு முகாமுக்குள்ளும் தாயின் மடி இருந்தது. இது மிகப் பெரிய வித்தியாசம்.

ஆகவே முன்பள்ளி ஆசிரியைகளுக்குச் சொல்கிறேன். பிள்ளைகளை வயலுக்கும் குளக்கட்டுக்கும் கூட்டிப்போங்கள். அம்மம்மாக்களைக் கூப்பிட்டுக் கதை சொல்ல வையுங்கள். கும்மியும் கோலாட்டமும் பழக்குங்கள். சாப்பாட்டை வரிசையில் கொடுக்காமல் வட்டமாக இருத்திக் கொடுங்கள். வீட்டில் அப்பா குடிக்கிறாரா, அம்மா தனியே நிற்கிறாரா என்று போய்ப் பாருங்கள். பிழையாகக் கதைக்கிற பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே திருத்துங்கள், பிறகு கஷ்டம். பெற்றோர் கூட்டத்தை மாதம் ஒருமுறையாவது வையுங்கள். கைத்தொலைபேசியைக் கொடுத்து அடக்குவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

மலையாளபுரத்தான்

ஐயா, வட்டமாக இருத்துவது நல்ல யோசனை. மற்றதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். "பிழையாகக் கதைக்கிற" என்று நீங்கள் யாரை நினைத்து எழுதினீர்களோ தெரியாது. என் அம்மா பிழையாகக் கதைக்கவில்லை. அவருடைய அம்மா கதைத்த மாதிரிக் கதைத்தார்.

ஓய்வு அதிபர்

அந்த வசனத்தை எடுத்துவிடுங்கள் தம்பி. நான் சொல் தெளிவாக வராத கொன்னை வாயை நினைத்து எழுதினேன். ஆனாலும் நீங்கள் சொன்னது சரி. என் வகுப்பிலும் பின் வாங்கு இருந்தது.

முன்பள்ளி ரீச்சர்

வயலுக்கும் போனோம் ஐயா, கதையும் சொன்னோம். நான் யோசனை கேட்டு எழுதவில்லை.

மல்லாவித் தம்பி சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். கண்டதை விளையாடுகிறான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. முதலில் எழுதியபோது ஒரு பகுதியை விட்டுவிட்டேன். அந்தத் தடியை நான் ஓடிப்போய்ப் பிடுங்கி எறிந்தேன். "இந்த விளையாட்டு இங்க வேண்டாம்" என்று சத்தம் போட்டேன். எனக்கும் அந்த வரிசையில் நின்ற கால்கள்தான்.

அடுத்த நாள் இடைவேளையில் கொட்டிலில் ஒருவரையும் காணவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் வரிசையில் நின்றார்கள். அவன் தடி இல்லாமல் விரலால் இலையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். முதல் நாள் இலை இல்லாமல் நின்ற பிள்ளையின் கையில் அன்றைக்கு இரண்டு இலை. என்னைக் கண்டதும் எல்லோரும் சிரட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள்.