கரிசல் மண்ணுக்கடியில் கசிந்த குழாய்

கோவில்பட்டிப் பக்கம் வீடு கட்டியவர்களுக்குக் கரிசல் மண்ணைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. மழையில் ஊதும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இதில் முதலில் அடிவாங்குவது தரைக்கடியில் போகும் பிவிசி குழாய் வளையும் இடத்து எல்போ, கிளை பிரியும் இடத்து டீ இணைப்புகள்தான்.

எங்கள் பக்கம் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. வரும்போது தரைக்கடியில் கட்டிய சம்ப்பில் பிடித்து, மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுவோம். போன கோடையில் மோட்டாரை அடிக்கடி போட வேண்டி வந்தது. வீட்டில் ஆள் கூடவில்லை, துவைக்கும் துணியும் வழக்கம்போலத்தான். அப்புறம் அடுப்படிச் சுவரின் அடியில் ஓதம் ஏறிப் பெயிண்ட் உப்பியது. விரலால் சுரண்டினால் வெள்ளையாக உப்பு உதிர்ந்தது.

முதலில் வந்த பிளம்பர் அந்த இடத்திலேயே டைல்ஸை உடைத்துப் பார்க்கலாம் என்றார். எங்கே ஓட்டை என்று தெரியாமல் எதற்கு உடைக்க வேண்டும் என்று என் மனைவி மறுத்துவிட்டாள். அவள் கேட்டது நியாயம். பக்கத்துத் தெருவில் இருக்கும் இன்னொருவரை அழைத்து வந்தோம். அவர் சுவரைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஓதம் தெரியுற இடத்துலதான் ஓட்டை இருக்கும்னு இல்ல. தண்ணி பைப்பு பள்ளத்தோடயே ஓடி, வழி கிடைச்ச இடத்துல தலைகாட்டும்" என்றார்.

அவர் சொன்னபடி, இரவில் எல்லோரும் படுத்த பிறகு தொட்டியிலிருந்து இறங்கும் கேட் வால்வுகளை எல்லாம் அடைத்தோம். சம்ப்பிலும் தொட்டியிலும் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வைத்தோம். காலையில் சம்ப் மட்டம் இறங்கியிருந்தால் சம்ப்பில்தான் விரிசல். ஆறடிக்கு ஐந்தடி சம்ப்பில் ஓர் அங்குலம் இறங்கினாலே சுமார் 70 லிட்டர் போய்விட்டது என்று கணக்கு. பக்கச் சுவரில் விரிசல் என்றால் அந்த உயரத்துக்கு வந்ததும் மட்டம் இறங்குவது நின்றுவிடும், அங்கே தேடினால் போதும்.

எங்கள் வீட்டில் சம்ப்பும் தொட்டியும் சரியாக இருந்தன. அடுத்து, ஓர் இரவுக்கு ஒரு வால்வை மட்டும் திறந்து வைத்துப் பார்த்தோம். அடுப்படி லைனைத் திறந்தபோது மட்டம் அசையவே இல்லை. ஓதம் ஏறியது அடுப்படிச் சுவரில், ஆனால் அந்த லைனில் ஒரு குறையும் இல்லை! புழக்கடை லைனைத் திறந்துவிட்ட இரவில்தான் தொட்டி இறங்கியது.

புழக்கடையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், அந்த வெயிலிலும் ஓர் இடத்தில் மட்டும் புல் பச்சையாக நின்றது. அங்கே தோண்டினோம். எல்போவில் மயிரிழை போல ஒரு கீறல், வால்வைத் திறந்ததும் பக்கவாட்டில் பீய்ச்சியடித்தது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிந்தாலே நாளைக்கு 1440 லிட்டர். தண்ணீருக்குக் காத்துக்கிடக்கும் ஊரில் இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

கீறிய துண்டை வெட்டி எடுத்து, ஈரம் போகத் துடைத்து, சால்வென்ட் போட்டுப் புது எல்போ ஒட்டினார். அன்று அந்த லைனில் தண்ணீர் விடவில்லை. மறுநாள் விட்டு, பள்ளத்தை மூடாமலே வைத்துக் கவனித்தோம். மூடும்போது குழாயைச் சுற்றி மணல் போட்டோம். தோண்டிய கரிசலையே குழாய் மேல் அள்ளிப் போட்டு மூடினால் அடுத்த கோடையிலும் இதே கதைதான். மூடுவதற்கு முன் லைன் போகும் வழியைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். சுவர் முழுசாகக் காய மாதக்கணக்கில் ஆனது, அதுவரை பெயிண்ட் அடிக்கவில்லை.

என் அத்தை வீட்டிலும் தண்ணீர் இப்படித்தான் காணாமல் போனது. அங்கே பூமிக்கடியில் ஒன்றுமில்லை, கழிப்பறை ஃப்ளஷ் டேங்க்தான். டேங்கில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கலந்துவிட்டு, ஃப்ளஷ் செய்யாமல் கால் மணி நேரம் விட்டோம். கோப்பையில் நிறம் இறங்கிவிட்டது. கடப்பாரையைத் தூக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, தண்ணீர் வந்ததும் முதல் சில நிமிடங்கள் கலங்கலாக, சாக்கடை வாடையோடு வந்தால், தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பில் உடைப்பு இருக்கலாம். சப்ளை நின்ற நேரத்தில் அந்த ஓட்டை வழியாக அழுக்கு உள்ளே புகுந்துவிடும். அதைச் சம்ப்பில் விடாமல், நகராட்சியில் உடனே புகார் கொடுங்கள்.