செருப்பு, காலணி, மிதியடி: எந்த இடத்தில் எந்தச் சொல்?

கேள்வி:

வணக்கம். சிறுவர் கதைத் தொகுப்பு ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆசிரியர் "செருப்பு" என்று எழுதியுள்ள இடங்களிலெல்லாம் "காலணி" என்று மாற்றும்படி பதிப்பகத்தார் கேட்டிருக்கிறார்கள். செருப்பு கொச்சையாக ஒலிக்கிறது என்பது அவர்கள் கருத்து. மாற்றத் தொடங்கினேன். "புதுச் செருப்பு கடித்துக் குதிகால் புண்ணாகிவிட்டது" என்ற வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. "செருப்புக் காலோடு உள்ளே வராதே" என்று பாட்டி அதட்டும் வரியிலும் அதே சிக்கல்தான். செருப்பு உண்மையிலேயே எழுத்துக்கு ஆகாத சொல்லா? இன்னொரு கதையில் ஒரு முதியவர் மிதியடி "டக் டக்" என்று ஒலிக்க நடந்து வருகிறார். மிதியடி என்றால் வாசலில் போடும் கால்மிதி என்றுதான் நான் நினைத்திருந்தேன். தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:

செருப்பைக் கொச்சை என்பது அந்தச் சொல்லுக்கு நாம் செய்யும் அநீதி. பதிற்றுப்பத்தில் பூழியர் நாட்டுச் செருப்பு மலையைக் குறிப்பிடும் பாலைக் கௌதமனார், "மிதியல் செருப்பு", அதாவது காலால் மிதிக்கப்படாத செருப்பு என்று அடைகொடுத்துச் சொல்கிறார். வெறுமனே செருப்பு என்றால் கேட்பவர் மனத்தில் காலில் போடுவதுதான் முதலில் தோன்றும் என்பதாலேயே அந்த அடை தேவைப்பட்டிருக்கிறது. சங்க காலத்திலேயே இந்தச் சொல் அந்த அளவுக்கு வழக்கில் ஊன்றியிருந்தது என்பதற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியவில்லை. கண்ணப்பரைப் பாடும் மாணிக்கவாசகரும் "செருப்புற்ற சீரடி" என்று திருவாசகத்தில் மனமுருகிச் சொல்கிறார்.

அதே பழைய நூல்களில் "தொடுதோல்" என்றும் ஒரு சொல் உண்டு. தொடுதல் என்பதற்கு அங்கே அணிதல் என்று பொருள். பெரும்பாணாற்றுப்படை "அடிபுதை அரணம்" என்கிறது. அடியை மறைத்துக் காக்கும் அரண் என்று அதை விரித்துப் பார்த்தால், அந்தப் பொருளின் பயன் முழுவதும் அச்சொல்லுக்குள்ளேயே இருப்பது விளங்கும்.

வசைமொழியில் செருப்பு அடிபடுவதால்தான் எழுதுவோருக்குக் கூச்சம் வந்திருக்க வேண்டும். துடைப்பமும்தான் வசையில் வருகிறது, அதற்காக அதை நாம் விலக்கிவிடவில்லையே!

மறுமொழி 2:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் காலணியைத் தள்ளிவிட வேண்டாம். செருப்பு, ஷூ, பூட்ஸ் எல்லாவற்றையும் ஒருசேரச் சுட்ட நமக்கு ஒரு பொதுச்சொல் வேண்டும், "காலணிகளை வெளியே விடவும்" என்னும் அறிவிப்பில் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. இலங்கைத் தமிழில் அந்தப் பொதுச்சொல் பாதணி. ஷூவை அங்கே சப்பாத்து என்பார்கள், அது போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது. கதையில் ஒருவர் காலில் கிடப்பது வார் வைத்த செருப்பு என்று வாசகருக்குத் தெரிந்திருக்கும்போது, பொதுச்சொல் அந்தக் காட்சியை மங்கலாக்கிவிடும். கடிப்பது, வார் அறுவது, தேய்வது எல்லாம் செருப்போடு ஒட்டிப் பிறந்த வழக்குகள். "செருப்புக்காகக் காலைத் தறிப்பதா" என்ற பழமொழியில் காலணியைப் போட்டுப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

மெய்ப்பில் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு துணைக்கால் கூடினால் காலணி காலாணியாகிவிடும். "காலாணி உள்ளவர்கள் மென்மையான காலணி அணிய வேண்டும்" என்பது போன்ற வரியில் இரண்டும் இடம் மாறினால் பொருளே கெட்டுப்போகும்.

மிதியடிக்கு இரண்டு பொருளும் உண்டு. பழைய வழக்கில் அது காலில் அணிவது, குறிப்பாகக் கட்டையில் செய்தது; பாதக்குறடு என்பதும் அதுவே. கால்மிதி என்ற பொருள் இன்றைய வழக்கு. ஒலி எழுப்பிக்கொண்டு நடக்கிறார் என்றால் கட்டை மிதியடிதான், மாற்ற வேண்டாம். சிறுவர்களுக்கான நூல் என்பதால் முதலில் வரும் இடத்தில் மட்டும் "மர மிதியடி" என்று எழுதினால் குழப்பம் வராது.

கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. கதைகளில் செருப்பு அப்படியே இருக்கட்டும் என்றும், பின்னிணைப்பில் உள்ள பயிற்சிக் குறிப்புகளில் மட்டும் காலணி என்றும் பதிப்பகத்தாருக்கு எழுதப்போகிறேன். ஓர் ஐயம் மீதமிருக்கிறது: "செருப்புகளைக் கழற்றினான்" என்று பன்மையில் எழுதியிருப்பது சரிதானா?

மறுமொழி 1:

இலக்கணப்படி தவறில்லை, ஆனால் வழக்கில் ஒருவர் காலில் உள்ள இணையை ஒருமையில்தான் சொல்கிறோம். "செருப்பைக் கழற்றினான்" என்றாலே இரண்டும் அடங்கிவிடும். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டுமானால்தான் "ஒற்றைச் செருப்பு" என்று பிரித்துச் சொல்வோம். பலருடையவை வாசலில் குவிந்து கிடந்தால் பன்மை பொருந்தும்.