விலாநீர்: நுரையீரலைச் சுற்றித் தேங்கும் நீருக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நுரையீரலைச் சுற்றி நீர் தேங்கும் ப்ளூரல் எஃப்யூஷனுக்குத் தமிழில் 'நுரையீரல் நீர்' என்ற சொல் போதும், சுருக்கமாகவும் இருக்கிறது, மக்களுக்கும் புரிகிறது என்று இந்த இழையில் மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். இன்னும் ஒருவர் ஆமோதித்தால் அது நம் மருத்துவச் சொற்பட்டியலில் ஏறிவிடும். அதற்குள் என் மறுப்பைப் பதிவு செய்துவிட வேண்டும். அந்தச் சொல் தவறு என்பதோடு, நோயாளிக்குக் கேடும் செய்யக்கூடியது.

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். நோய் பரவி வலப்பக்க நுரையீரலைச் சுற்றி நீர் தேங்கிவிட்டது. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். நீரை ஊசி வைத்து எடுக்க வேண்டும் என்றார்கள். கையெழுத்துக்கு வந்த ஒப்புதல் படிவத்தில் தமிழில் இப்படி இருந்தது: "நுரையீரலில் உள்ள நீர் அகற்றப்படும். இதனால் நுரையீரலில் நீர் ஏற்படலாம்." அத்தான் இரண்டு முறை படித்தார். "அச்சுப்பிழை போலிருக்கிறது" என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து, முன்னால் இருந்த மேசையில் தலையணையைப் போட்டு அதன்மேல் கைகளை மடித்துச் சாய்ந்துகொண்டாள். மருத்துவர் ஸ்கேன் கருவியால் முதுகைத் தடவிப் பார்த்துப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். சீசாவில் செம்மண் கரைத்த நீர் மாதிரி இறங்கியது. ஒன்றரை லிட்டரை நெருங்கும்போது அக்காவுக்கு இருமல் வந்தது. நெஞ்சை உள்ளிருந்து யாரோ இழுக்கிறார்கள் என்றாள். மருத்துவர் உடனே நிறுத்தினார். அத்தானுக்குக் கோபம். "இன்னும் நீர் இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், முழுவதும் எடுங்கள்" என்று வாதாடினார். மருத்துவர் செய்தது சரி. ஆனால் அது ஏன் சரி என்று அத்தானுக்குச் சொல்ல அந்தப் படிவத்தில் ஒரு சொல்கூட இல்லை.

படிவத்தின் இரண்டு வரிகளிலும் வருவது வேறு வேறு நீர். முதலாவது நுரையீரலுக்கு வெளியே, அதைப் போர்த்தியிருக்கும் இரண்டு மெல்லிய சவ்வுகளுக்கு நடுவே தேங்குவது. நலமாக இருப்பவருக்கு அங்கே சில மில்லி லிட்டர்தான் இருக்கும், மூச்சு விடும்போது சவ்வுகள் உரசாமல் வழுக்க அது போதும். இரண்டாவது நுரையீரலுக்கு உள்ளே, காற்று இருக்க வேண்டிய நுண்ணறைகளில் கசிவது. வாரக்கணக்கில் நசுங்கிக் கிடந்த நுரையீரல், சுற்றியிருக்கும் நீரை ஒரே மூச்சில் எடுத்துவிட்டால் திடீரென விரிகிறது. அப்போது அதன் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து உள்ளே நீர் சேரலாம். அரிதாக நேர்வதுதான், நேர்ந்தால் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் ஓர் அமர்வில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை என்பது பொதுவான வழக்கம். இருமலோ நெஞ்சில் இறுக்கமோ வந்தால் அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். வெளியில் இருக்கும் நீருக்கே 'நுரையீரல் நீர்' என்று பெயர் வைத்துவிட்டால், இந்த ஆபத்தை எந்தச் சொல்லால் எழுதுவீர்கள்?

மற்ற முன்மொழிவுகளுக்கு வருகிறேன்.

'மார்பு நீர்க்கோவை' கேட்க இனிமையாக இருக்கிறது. "நீர் கோத்துக்கொண்டது" என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் நீர்க்கோவை என்றதும் நம் மக்களுக்கு நினைவுக்கு வருவது தலைபாரமும் சளியும், அதற்கு நெற்றியில் குழைத்துப் பற்றுப்போடும் சித்த மருந்து மாத்திரையும்தான். புற்றுநோயாளியின் வீட்டில் அந்தச் சொல் தவறான நிம்மதியைத் தரும்.

'உறைநீர்' என்பதில் உறை என்பது போர்வை என்று சொல்லாக்கியவருக்குத் தெரியும். படிப்பவர் உறைந்த நீர் என்றுதான் படிப்பார். 'புடைநீர்' நல்ல பழந்தமிழ். புடை என்றால் பக்கம், 'புடைசூழ வந்தான்' என்று இன்றும் எழுதுகிறோம். ஆனால் பேச்சில் புடைப்பு என்றால் வீக்கம், கட்டி. கட்டிக்குச் சிகிச்சை பெறுகிறவரிடம் புடை என்று தொடங்கும் சொல்லைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் முன்மொழிவு: விலாநீர்.

ப்ளூரா என்ற கிரேக்கச் சொல்லுக்கே விலா, பக்கம் என்றுதான் பொருள். நாம் மொழிபெயர்க்க வேண்டியதுகூட இல்லை, நம்மிடம் இருக்கும் சொல்லை எடுத்து வைத்தால் போதும். விலா எலும்பு தெரியாதவர் இல்லை. விலா நோகச் சிரித்தோம் என்று சொல்லாதவரும் இல்லை. ஊசி போவதும் அங்கேதான். கீழ்விளிம்பை ஒட்டி இரத்தக் குழாய்களும் நரம்பும் ஓடுவதால், விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டித்தான் ஊசியைச் செலுத்துகிறார்கள். செவிலியர் தொட்டுக் காட்டும் இடமும் படிவத்தில் இருக்கும் சொல்லும் ஒன்றாகிவிடுகின்றன.

இதிலிருந்து கிளைகளும் இயல்பாக விரிகின்றன. சவ்வு விலாச்சவ்வு. நீரை எடுப்பது விலாநீர் எடுப்பு. ஊசியால் காற்றுப் புகுந்து நுரையீரல் சுருங்கினால் அது விலாக்காற்று, இரத்தம் தேங்கினால் விலாக்குருதி, கிருமி தொற்றிச் சீழ் பிடித்தால் விலாச்சீழ். ஒப்புதல் படிவத்தில் சொல்ல வேண்டிய ஆபத்துகளில் பெரும்பகுதி இந்த மூன்றில் அடங்கிவிடுகிறது. ஸ்கேன் பார்த்து ஊசி போட்டால் விலாக்காற்று குறைகிறது என்ற வரியையும் சேர்க்கலாம், நோயாளி அதைக் கேட்டு வாங்க உரிமை உள்ளவர்.

விலா என்பது வெளிப்புறத்தைக் குறிக்கிறது, தசையில் நீர் என்று நினைத்துவிடுவார்கள் என்று செவிலியரான தோழி எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. அதனால்தான் சொல் முதலில் வரும் இடத்தில் 'நுரையீரலுக்கும் விலா எலும்புகளுக்கும் நடுவே' என்று ஒரு தொடர் சேர்க்கச் சொல்கிறேன். ஒருமுறை சொன்னால் நிலைத்துவிடும். 'நுரையீரல் நீர்' தரும் தவறான படமோ பத்து முறை விளக்கினாலும் போகாது.

அடுத்தது ப்ளூரோடெசிஸ். நீர் திரும்பத் திரும்பச் சேரும்போது, மருந்தைச் செலுத்தி இரண்டு சவ்வுகளையும் புண்படுத்தி ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் முறை. இதற்கு 'மார்பிடை அடைப்பு' என்று வந்திருக்கிறது. அன்பு கூர்ந்து அதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வார்டில் அவசரமாகச் சொன்னால் மாரடைப்பு என்றே காதில் விழும். ஒரு குடும்பத்தையே கதறவைக்கும் சொல் அது.

டெசிஸ் என்றால் கட்டுதல், பிணைத்தல். எனவே விலாவொட்டு என்கிறேன். ஒட்டு மாங்கன்று நமக்குப் பழகியது. ஒட்டு பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம் என்பது தோட்டம் வைத்தவர்களுக்குத் தெரியும். இந்தச் சொல்லை நான் விரும்புவதற்கு அதுவே முதல் காரணம். கனடாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் நார்மன் பெத்யூன் 1935-இல் டால்க் பொடியைத் தூவிச் சவ்வுகளை ஒட்டவைக்கும் முறையை எழுதினார். இன்றும் டால்க்தான் முதன்மையான பொருள். நம் நாட்டில் விலை மலிவு என்பதால் கிருமிநாசினியான போவிடோன் அயோடினும் பயன்படுகிறது. பிரிட்டனில் 330 நோயாளிகளிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், டால்க்கைப் பொடியாகத் தூவினாலும் கரைசலாகச் செலுத்தினாலும் 90 நாட்களுக்குள் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஒட்டு பிடிக்கவில்லை. 'நிரந்தர நீர்த்தடுப்பு' என்று ஒருவர் எழுதியதை இதனால்தான் ஏற்க முடியவில்லை. பெயரே பொய் வாக்குறுதி ஆகிவிடும்.

வலி, காய்ச்சல் இரண்டும் ஒட்டுக்குப் பின் அடிக்கடி வரும். மிக நுண்ணிய டால்க் துகள்கள் இரத்தத்தில் கலந்து, அரிதாக இரண்டு நுரையீரல்களையும் தாக்கி மூச்சுத்திணறலை உண்டாக்கியிருக்கின்றன. நுண்துகள்களை நீக்கிய டால்க் அதனால்தான் பாதுகாப்பானது.

டிராப்டு லங் என்பதைச் 'சிக்கிய நுரையீரல்' என்று பெயர்த்திருப்பது ஆங்கிலத்தின் நிழல். கேட்பவர் எதில் சிக்கியது, எடுத்துவிடலாமா என்று கேட்பார். விரியா நுரையீரல் என்றால் நடப்பது தெரிகிறது. நுரையீரலைப் போர்த்திய சவ்வில் புற்று படர்ந்தோ, சவ்வு தடித்தோ போனதால் நீரை எடுத்த பின்னும் அது விரிவதில்லை. விரியாவிட்டால் சவ்வுகள் சந்திப்பதில்லை, சந்திக்காத இடத்தில் ஒட்டு பிடிக்காது. அவர்களுக்கு விலாவிலேயே குழாயை விட்டு, வீட்டிலிருந்தபடி நீரை வடிக்கும் வழி இருக்கிறது. அதற்குத் தங்குகுழாய் என்று வைக்கலாம். கிருமி தொற்றலாம், குழாய் அடைத்துக்கொள்ளலாம், சிலருக்குக் குழாய் சென்ற தடத்திலேயே புற்று வளரலாம். இவையும் படிவத்தில் வர வேண்டும்.

என் அக்காவுக்குத் தங்குகுழாய்தான் வைத்தார்கள். கடைசி ஐந்து மாதங்களும் வீட்டில் இருந்தாள். அத்தானே கையுறை போட்டு நீரை வடித்துக் கணக்கு எழுதிவைத்தார். அந்த நோட்டில் அவர் எழுதியிருந்த தலைப்பு 'விலாத் தண்ணீர்'. நான் சொல்லிக் கொடுத்ததல்ல. இந்த மடலுக்கான சொல் அங்கிருந்துதான் கிடைத்தது.

படிவத்தின் வரியை இப்படித் திருத்தியிருக்கிறேன்: "நுரையீரலுக்கும் விலா எலும்புகளுக்கும் நடுவே தேங்கிய விலாநீரை ஊசியால் எடுப்போம். அளவுக்கு மேல் வேகமாக எடுத்தால் நுரையீரலுக்கு உள்ளே நீர் கசியலாம். அதனால் இன்னும் நீர் இருக்கும்போதே நிறுத்த நேரலாம். இருமலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் உடனே சொல்லுங்கள்."

உள்ளே கசியும் நீருக்கு இன்னும் ஒரு நல்ல சொல் அமையவில்லை. 'நுரையீரல் வீக்கம்' என்று பலர் எழுதுகிறார்கள், அது எனக்கு உடன்பாடில்லை. உள்நீர் என்று வைத்துப் பார்த்தேன், தனியாக நின்றால் பொருள் பிடிபடவில்லை. வார்டில் வேலை செய்யும் நண்பர்கள், நோயாளிகள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுத முடியுமா?